செய்கிறவன் இல்லை என்றால் பொறுப்பு யாருடையது?

அத்வைதம், இருமையின்மை என்று படிக்க ஆரம்பிக்கிற எல்லோரும் ஏதோ ஓர் இடத்தில் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்கள். 'நான்' என்று தனியாக ஒருவன் கிடையாது, செயல்கள் நடக்கின்றன, செய்கிறவன் என்று யாரும் இல்லை என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியென்றால் கொலை செய்தவனை எப்படிக் கேள்வி கேட்பது? நம்ப வைத்துக் கழுத்தறுத்தவரிடம் போய் நியாயம் பேச என்ன இருக்கிறது? நான் ஒருவரைப் புண்படுத்திவிட்டேன் என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, இல்லை "அது அப்படி நடந்தது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாமா?

இதைக் கேட்டால் சில ஆன்மிகப் பேச்சாளர்கள் "கேட்பது யார் என்று பாருங்கள்" என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். அந்தக் கேள்விக்கு உரிய இடம் வேறு. இங்கே அதைச் சொல்வது கேட்டவரின் வாயை அடைக்கிற வேலை. உருப்படியான பதில் இருக்கிறது. இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாகப் பலர் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள். முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், இருமையின்மை என்றால் என்ன? நாம் சாதாரணமாக உலகத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு வாழ்கிறோம்: உள்ளே நான், வெளியே மற்றதெல்லாம். கண்களுக்குப் பின்னால் எங்கோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் முடிவெடுத்துக்கொண்டும் ஒருவன் இருப்பதாக ஒரு நினைப்பு. அந்த ஆளை நிஜமாகவே தேடிப் பார்த்தால் அகப்படுவதில்லை என்பதுதான் இவர்கள் சொல்வது. பார்வை இருக்கிறது, எண்ணம் இருக்கிறது, வலி இருக்கிறது. இதற்கெல்லாம் சொந்தக்காரனாகத் தனியே நிற்கிறவனைத் தேடினால் 'நான்' என்ற இன்னோர் எண்ணம்தான் கையில் சிக்குகிறது. கௌடபாதர், அவர் வழியில் வந்த சங்கரர் போன்ற அத்வைதிகள், அந்தத் தேடலின் முடிவில் இருப்பது பிரிவே இல்லாத ஒரே உணர்வு என்பார்கள். பௌத்தர்கள் அந்த 'ஒன்று' என்பதையும் ஏற்க மாட்டார்கள், ஆன்மா என்று எதுவுமே இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டு தரப்புக்கும் பெரிய சண்டையே உண்டு, ஆனால் தனித்து நின்று செயலைச் செய்கிற ஒருவன் கிடையாது என்பதில் இருவரும் ஏறக்குறைய ஒரே பக்கம்.

இதை நம்ப வேண்டியதில்லை, பார்க்கலாம். 'மழை' என்ற இந்தச் சொல்லை வெறும் கோடும் சுழியுமாக மட்டும் பார்க்க முயலுங்கள், வாசிக்காமல். முடியாது. கண் பட்ட உடனே அது மழையாகிவிடுகிறது. வாசிக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்யவில்லை, வாசிப்பு நடந்துவிட்டது. சரி, இது அனிச்சையாக நடப்பது, இதை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது என்று தோன்றலாம். கொஞ்சம் கனமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு பேர் முன்னால் ஒருவர் உங்களைப் பற்றி ஏளனமாக ஏதோ சொல்கிறார். காது சூடாகிறது, தொண்டை இறுகுகிறது, சுருக்கென்று தைக்கிற மாதிரி ஒரு பதில் நாக்கின் நுனிக்கு வந்து நிற்கிறது, பல நேரம் வாயைவிட்டே போய்விடுகிறது, "நான் நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன்" என்ற கணக்கு அதற்கு அப்புறம்தான் எழுதப்படுகிறது. அடக்கிக்கொண்டாலும் இதே கதைதான். 'வேண்டாம், விடு' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அதை நீங்கள் எங்கிருந்தும் அழைத்து வரவில்லை. முன்பு ஒரு தடவை வாயைவிட்டுப் பட்டது, வளர்த்தவர்கள் சொன்னது, முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தது என்று ஆயிரம் விஷயங்கள் சேர்ந்து அந்த எண்ணத்தை அங்கே கொண்டுவந்து வைத்தன.

இந்த இடத்தில் பலரும் அறிவியலைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனைதான் வழக்கமாக வரும். தோன்றும்போது கையை அசையுங்கள், அசைக்கத் தோன்றிய கணத்தைக் கடிகாரத்தில் குறித்துச் சொல்லுங்கள் என்றார்கள். அசைவுக்குச் சுமார் 550 மில்லி விநாடிக்கு முன்பே மூளையில் மின் சலனம் தொடங்கியிருந்தது, 'அசைக்கலாம்' என்று தோன்றியதாக ஆட்கள் சொன்னது சுமார் 200 மில்லி விநாடிக்கு முன்புதான். உடனே "பார்த்தீர்களா, சுதந்திர இச்சை செத்துவிட்டது" என்று எழுதினார்கள். ஆனால் 2012இல் ஆரோன் ஷர்கரும் சக ஆய்வாளர்களும் அதே சலனத்தை வேறு மாதிரி விளக்கினார்கள்: மூளையில் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் இரைச்சல் ஓர் எல்லையைத் தொடும்போது அசைவு நடக்கிறது, முன்கூட்டியே தெரியும் அந்த ஏற்றம் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே லிபெட்டின் மேல் மாளிகை கட்ட வேண்டாம். இருமையின்மைக்கு அந்தச் சோதனை தேவையும் இல்லை.

ஏனென்றால் 'எல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டது' என்பதும் இருமையின்மையும் ஒன்றே அல்ல. ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் மிகவும் குழம்புவது இங்கேதான். விதிவாதம் என்ன சொல்கிறது? நீ என்று ஒருவன் இருக்கிறாய், உன் கையும் காலும் கட்டப்பட்டிருக்கின்றன என்கிறது. இருமையின்மையோ, கட்டப்படுவதற்கும் அவிழ்க்கப்படுவதற்கும் தனியாக ஒருவன் அங்கே இருக்கிறானா என்று முதலில் பார் என்கிறது. ரமணர் ஒரு வெண்பாவில் இதைத்தான் சொன்னார்: விதி வெல்லுமா மதி வெல்லுமா என்ற விவாதமெல்லாம், அந்த இரண்டுக்கும் மூலமானது எது என்று அறியாதவர்களுக்குத்தான்.

இந்த வித்தியாசம் அன்றாட வாழ்க்கையில் பெரிய விஷயம். விதிவாதி "முயற்சி எதற்கு" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். ஆனால் முயற்சியும் மற்றக் காரணங்களைப் போல ஒரு காரணம்தான். குடியை நிறுத்த ஒருவர் படுகிற பாடு, அவருக்கு நண்பர் சொன்ன ஒரு வார்த்தை, மருத்துவரிடம் போனது எல்லாம் விளைவை மாற்றுகின்றன. அதற்குப் பின்னால் தனியாக ஒரு குட்டி ராஜா உட்கார்ந்து ஆணையிட வேண்டும் என்று அவசியம் இல்லை. புத்தர் காலத்தில் மற்கலி கோசாலர் என்று, ஆசீவகம் என்ற துறவி மரபைச் சேர்ந்த ஓர் ஆசிரியர், முயற்சியால் எதுவும் ஆகாது, எல்லாம் நியதி என்று போதித்தார். ஆன்மாவே இல்லை என்று சொன்ன அதே புத்தர் இந்தக் கொள்கையை எவ்வளவு கடுமையாகத் தாக்கினார் தெரியுமா? நெய்த துணிகளிலேயே மட்டமானது மனித மயிரில் நெய்த கம்பளி, குளிரில் குளிரும், வெயிலில் கொதிக்கும், நாற்றமும் அடிக்கும். கொள்கைகளில் மற்கலியின் கொள்கை அப்படிப்பட்டது என்றார்.

பொறுப்பு என்ற விஷயத்துக்கு இதே காலத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான ஒன்றை நான் எங்கும் படித்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மகத நாட்டு அரசன் அஜாதசத்ரு, ஆட்சிக்காகத் தன் தந்தை பிம்பிசாரனைக் கொன்றவன். ஒரு பௌர்ணமி இரவில், யாராவது ஞானியைப் போய்ப் பார்த்தால் மனம் அமைதியாகும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. மருத்துவர் ஜீவகர் தன் மாந்தோப்பில் தங்கியிருக்கும் புத்தரிடம் அழைத்துப்போகிறார். தோப்பை நெருங்க நெருங்க அரசனுக்குப் பயம் பிடிக்கிறது, மயிர்க்கூச்செறிகிறது. "ஜீவகரே, என்னை ஏமாற்றவில்லையே? எதிரிகளிடம் பிடித்துக் கொடுக்கப் போகிறீரா? 1250 துறவிகள் இருக்கிறார்கள் என்றீர், ஒரு தும்மல் சத்தம்கூட இல்லையே?" என்று கேட்கிறான். தந்தையைக் கொன்றவனால் ஒரு தோப்பின் நிசப்தத்தைக்கூட நம்ப முடியவில்லை. தண்டனை என்று தனியாக எதையும் யாரும் கொடுக்கவில்லை, அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

உள்ளே போய் அமர்ந்ததும், இதற்கு முன் வேறு ஆசிரியர்களிடம் கேட்ட பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். பூரண கசபர் சொன்னாராம், கொன்றாலும் கொள்ளையடித்தாலும் பாவம் என்று எதுவும் ஒட்டாது என்று. பகுத கச்சாயனர் சொன்னது இன்னும் விசேஷம்: உலகம் ஏழு நித்தியக் கூறுகளால் ஆனது, அதில் கொல்கிறவனும் இல்லை கொல்லப்படுகிறவனும் இல்லை, கூரிய வாளால் ஒருவன் தலையை வெட்டினாலும் யாரும் யாருடைய உயிரையும் எடுப்பதில்லை, வாள் அந்தக் கூறுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் புகுந்து போகிறது, அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், அப்பனைக் கொன்ற ஒருவனுக்கு இதைவிட ஆறுதலான தத்துவம் கிடைக்குமா? கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். அவன் தூங்கவில்லை.

புத்தரோடு நெடுநேரம் பேசிய பிறகு, யாரும் கேட்காமலே அரசன் ஒப்புக்கொள்கிறான். குற்றம் என்னை மேற்கொண்டுவிட்டது, மூடனாக, பேதையாக, ஆட்சிக்காக நல்லவரான என் தந்தையைக் கொன்றேன் என்கிறான். 'நான் என்று ஒன்று இல்லை' என்பதைத் தன் போதனையின் மையமாக வைத்திருப்பவர் இதற்கு என்ன சொல்ல வேண்டும்? "கொன்றவன் என்று யாரும் இல்லை, கவலைப்படாதே" என்றா? புத்தர் அப்படிச் சொல்லவில்லை. ஆமாம், குற்றம்தான் என்கிறார். குற்றத்தைக் குற்றமாகக் கண்டு திருத்திக்கொள்கிறபடியால் அதை ஏற்கிறோம், இனித் தன்னைக் காத்துக்கொள்வதுதான் வளர்ச்சி என்கிறார். அவன் போன பிறகு துறவிகளிடம், தந்தையைக் கொல்லாமல் இருந்திருந்தால் இந்த இருக்கையிலேயே இவனுக்கு உண்மை விளங்கியிருக்கும் என்றும் சொல்கிறார். சபித்து அனுப்பவில்லை, கழுவி விடவும் இல்லை. செயலுக்கு விளைவு உண்டு, அதைத் துடைத்துவிட முடியாது, ஆனால் இந்தக் கணத்திலிருந்து வேறு மாதிரி நடக்க முடியும். இவ்வளவுக்கும் உள்ளே நிரந்தரமான ஒரு 'கெட்ட ஆள்' தேவைப்படவில்லை. சொல்லப்போனால் அப்படி ஒரு நிரந்தர ஆள் இருந்திருந்தால் மாறுவதற்கே வழி இருந்திருக்காது.

அந்த வாள் பகுதரோடு முடிந்துவிடவில்லை. 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் தக்குவான் என்ற ஜென் குரு, வாள்வித்தை ஆசிரியர் ஒருவருக்கு எழுதியதிலும் இதே வாதம் தலைகாட்டுகிறது: வீசுகிறவனும் சூன்யம், வாளும் சூன்யம், வெட்டுப்படுகிறவனும் சூன்யம். நம் காலத்தில் சீடர்களிடம் முறைகேடாக நடந்துகொண்டு மாட்டிக்கொள்ளும் குருமார்களும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். இந்த வாதத்தில் ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "நான் செய்யவில்லை, அது நடந்தது" என்று சொல்கிறவர் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறார்? தன்னை. செய்கிறவன் இல்லை என்பது நிஜமாகவே உறைத்திருந்தால் தப்பிக்க வைக்க அங்கே ஆள் இருக்காது, பெயரைக் காப்பாற்ற அவசரமும் இருக்காது, "ஆமாம், என் கையால் இந்தத் தீங்கு நடந்தது, இப்போது என்ன செய்ய வேண்டும்" என்று கேட்பது இன்னும் சுலபமாகத்தான் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். இவர்களுக்குத் தப்பு செய்யும்போது மட்டும்தான் 'செய்கிறவன்' காணாமல் போகிறான், பாராட்டும் பணமும் வரும்போது சரியாகத் திரும்பி வந்துவிடுகிறான்.

அத்வைத மரபுக்குள்ளேயே இந்த ஆபத்து தெரிந்திருந்தது. தீய நடத்தையிலிருந்து விலகாதவனுக்கு இந்த அறிவு கிட்டாது என்று கட உபநிடதம் சொல்கிறது. சங்கரரின் சீடர் சுரேசுவரர் இன்னும் நேரடியாகக் கேட்டார்: உண்மையை அறிந்தவனும் மனம்போன போக்கில் நடப்பான் என்றால், அசுத்தத்தைத் தின்கிற விஷயத்தில் நாய்க்கும் ஞானிக்கும் என்ன வித்தியாசம்?

அப்புறம் வியாவகாரிகம், பாரமார்த்திகம் என்று இரண்டு தளங்களாகப் பிரித்துப் பேசுகிற முறை உண்டு. நடைமுறைத் தளத்தில் நல்லது கெட்டது, கடன், கடமை எல்லாம் அப்படியே இருக்கும். இறுதி உண்மையின் தளத்தில்தான் பிரிவு இல்லை. பயனுள்ள பிரிவுதான், இல்லையென்றால் பேசவே முடியாது. ஆனால் இதன்மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒரே பிரம்மம் என்று நிறுவிய சங்கரரே, பிரம்ம சூத்திர உரையில் சூத்திரருக்கு வேதம் கற்கும் தகுதி இல்லை என்றும் எழுதினார். ஒருமை மேல் தளத்தில் பத்திரமாக இருந்தது, கீழ்த் தளத்தில் சாதி பத்திரமாக இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. அதே அத்வைதத்தைப் படித்த கேரளத்து நாராயண குரு, 1888இல் அருவிப்புறத்தில் தன் கையால் சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்து, பிறப்பால் அந்த உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்குக் கோயிலைத் திறந்தார். தத்துவம் ஒன்றுதான். ஆகவே 'எல்லாம் ஒன்று' என்று அறிந்தாலே அறம் தானாக ஊறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அறத்தைத் தனியாகப் பயில வேண்டியிருக்கிறது.

சரி, பிறகு எதுதான் மாறுகிறது? பழி மாறுகிறது. பொறுப்பு வேறு, பழி வேறு. 1966 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் சார்ல்ஸ் விட்மன் என்பவர், தாயையும் மனைவியையும் கொன்றுவிட்டு, பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறிக் கீழே இருந்தவர்களைச் சுட்டார். தனக்கு என்ன ஆகிறது என்றே புரியவில்லை, இறந்த பிறகு உடலை அறுத்துப் பாருங்கள் என்று எழுதி வைத்திருந்தார். பார்த்தார்கள், மூளையில் ஒரு கட்டி இருந்தது. அதுதான் காரணமா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் கட்டி என்ற வார்த்தையைக் கேட்ட உடனே நம் மனதுக்குள் ஏதோ இடம் மாறுவதைக் கவனியுங்கள். இறந்தவர்களுக்காக ஏற்படும் துக்கம் ஒரு துளியும் குறையவில்லை, அவரைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும் என்பதிலும் மாற்றம் இல்லை; 'இவனை வதைக்க வேண்டும்' என்ற கொதிப்பு மட்டும் தளர்கிறது. இருமையின்மை கேட்பது இதுதான்: கட்டிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? அடிபட்டு வளர்ந்த குழந்தைப் பருவத்தையும், பிறக்கும்போதே வந்த சுபாவத்தையும், வெறுப்பைக் கற்றுக்கொடுத்த கூட்டத்தையும் அவரவர் கேட்டா வாங்கினார்கள்?

இதனால் சிறைக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஆபத்தானவரைத் தடுத்து வைக்கத்தான் வேண்டும். பிறரைக் காக்க, திருத்த, சேதத்தைச் சரிசெய்ய என்று எத்தனையோ நியாயங்கள் இருக்கின்றன, பழிவாங்கும் சுகத்துக்குத்தான் நியாயம் கிடைக்கவில்லை. 1989இல் நியூசிலாந்து கொண்டுவந்த சட்டத்தில், தவறு செய்த சிறுவர்களைக் குடும்பத்தோடும் பாதிக்கப்பட்டவரோடும் ஒன்றாக உட்காரவைத்து, இழப்பை எப்படி ஈடுசெய்வது என்று பேசவைக்கும் ஏற்பாடு உண்டு. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யாரும் அத்வைதம் பேசவில்லை. ஆனால் 'நீ கெட்டவன்' என்ற தீர்ப்பு இல்லாமலே பொறுப்பை ஏற்கவைக்க முடியும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

நமக்குள்ளே நடப்பதும் இதே மாதிரிதான். குற்றவுணர்ச்சியைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: 'நான் எப்பேர்ப்பட்ட ஆள், என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள், என்னால் எப்படி இதைச் செய்ய முடிந்தது' என்று எல்லா வாக்கியமும் என்னைச் சுற்றியே ஓடும். புண்பட்டவர் அந்தக் காட்சியில் இருக்கவே மாட்டார். வருத்தம் என்பது வேறு. அது அவருடைய முகத்தைப் பார்க்கிறது, அவருக்கு என்ன போயிற்று என்று கேட்கிறது, போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் ஏற்காவிட்டாலும் பொறுத்துக்கொள்கிறது. செய்கிறவன் இல்லை என்ற பார்வை நன்றாக வேலை செய்தால் முதலாவது உதிர்ந்து இரண்டாவது மிஞ்ச வேண்டும். இரண்டும் சேர்ந்தே உதிர்ந்து, ஒரு மரத்துப்போன நிதானம் மட்டும் மிஞ்சினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடி வாங்கியவரிடம் போய் "அடித்தவன் என்று யாரும் இல்லை" என்று சொல்லாதீர்கள். இது ஒவ்வொருவரும் தனக்குத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், இன்னொருவரின் கோபத்தை அணைக்க ஊற்றுகிற தண்ணீர் கிடையாது. அவருடைய கோபம் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, 'எல்லோரும் ஒன்று என்பதால் பிறருக்குச் செய்யும் தீங்கு எனக்கே செய்வது' என்று அடிக்கடி சொல்லப்படும் காரணம். எனக்கு இது போதுமானதாகப் படவில்லை. 'நீயும் நான்தான், அதனால் உன்னை அடிக்க மாட்டேன்' என்றால் சுயநலம் கொஞ்சம் பெரிதாக வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 8ஆம் நூற்றாண்டு பௌத்தர் சாந்திதேவர் எடுத்த வழி இதைவிட ஆழமானது. காலில் முள் குத்தினால் கை போய் எடுக்கிறது, காலின் வலி கையின் வலி இல்லை. வலிக்குச் சொந்தக்காரன் என்று யாருமே இல்லை என்றால் 'என் வலி', 'உன் வலி' என்ற வேலியும் இல்லை, வலி என்பதற்காகவே அதைப் போக்க வேண்டும் என்றார். சொந்தக்காரன் இல்லாத வலியை எதற்குப் போக்க வேண்டும் என்று கேட்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். வலியைப் போக்க வேண்டும் என்பதில் யாருக்கும் வழக்கு இல்லை, போக்க வேண்டும் என்றால் எல்லோருடையதையும் போக்க வேண்டும், தேவையில்லை என்றால் உன்னுடையதையும் அப்படியே விட்டுவிடு என்று பதில் சொன்னார்.